1964 நல்லெண்ணக் குழுக்கள்: உங்கள் வீட்டுப் பெரியவர்களின் நினைவு வேண்டும்

வணக்கம். சிங்கப்பூரில் இருக்கும் நண்பர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன்.

ஜூலை 21, இன நல்லிணக்க நாள். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் அன்று சிறிய கண்காட்சி வைக்கப் போகிறோம். 1997 முதல் பள்ளிகளில் இந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். பிள்ளைகள் பாரம்பரிய உடை போட்டுக்கொண்டு போகிறார்கள், சரி. ஆனால் 1964இல் அதே தேதியில் நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது இங்கே மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் வெடித்து 23 பேர் இறந்தது பல பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. ஊரடங்கு முழுதாக விலக ஆகஸ்ட் 2 ஆனது. செப்டம்பரில் மறுபடியும் கலவரம், இன்னும் 13 உயிர்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அப்புறம் நடந்ததுதான். தொகுதிதோறும் நல்லெண்ணக் குழு அமைத்தார்கள். மலாய், சீன, இந்தியப் பெரியவர்கள் சேர்ந்து தெருத்தெருவாகப் போய் வதந்திகளை மறுத்தார்கள், பயந்து கிடந்தவர்களுக்குத் தைரியம் சொன்னார்கள். வெறுப்பு இன்னும் ஆறாத நேரத்தில் அடுத்த இனத்தவர் வீட்டுக் கதவைத் தட்ட எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவர்களில் பலருடைய பெயர்கூட இன்று யாருக்கும் நினைவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்கள் தாத்தாவோ பாட்டியோ அந்தக் குழுக்களில் இருந்தார்களா? கம்பத்தில் (அந்தக் காலத்துக் கிராமக் குடியிருப்பில்) பக்கத்து வீட்டாரை ஒளித்து வைத்துக் காப்பாற்றிய கதை ஏதாவது கேட்டிருக்கிறீர்களா? கலவரம் நடந்த கேலாங், காலாங் பக்கம் அப்போது குடியிருந்தவர்கள் என்றால் இன்னும் நல்லது. குரல் பதிவாக அனுப்பினாலும் போதும், நானே எழுதிக்கொள்கிறேன். பழைய படம் இருந்தால் வீட்டுக்கே வந்து நகலெடுத்துக்கொள்வேன்.

மலாயிலும் சீனத்திலும் மொழிபெயர்த்துத் தர இரண்டு பேர் தேவை. ஜூன் கடைசிக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.