மறுமொழி: லீச்சேட் – ‘கசிவுநீர்’ வேண்டாம், ‘இறங்குசாறு’ எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். குப்பைமேட்டுக்குள் ஊறி இறங்கி அடியில் சேரும் அழுக்குத் திரவத்தை ஆங்கிலத்தில் லீச்சேட் (leachate) என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன்; வந்த யோசனைகளுக்கு என் மறுமொழி இது.

> லீச்சேட்டுக்குக் கசிவுநீர் என்றே போட்டுவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

ஐயா, புரியும்தான். ஆனால் நான் எழுதும் தில்லிக் குப்பைமேடுகள் பற்றிய கட்டுரையில் அதைப் போட்டுப் பார்த்தபோது இடிக்கிறது. முறையாகக் கட்டிய குப்பைக் கிடங்கில் அடியில் களிமண்ணைக் கெட்டித்து, அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, குழாய் பதித்து இந்தத் திரவத்தைப் பிடித்துச் சுத்திகரிக்கிறார்கள். அங்கே அது வெளியே கசிவதில்லை. ஆனாலும் திரவம் உண்டு. ‘கசிவுநீர் கசியாமல் தடுக்கும் விரிப்பு’ என்றா எழுதுவது?

அப்புறம் அந்த ‘நீர்’. மேலிருந்து இறங்கும் மழையோடு, அழுகும் காய்கறி, சோறு எல்லாவற்றின் ஈரமும் சேர்கிறது. அழுகலில் உண்டாகும் அமிலம் பேட்டரி போன்றவற்றிலுள்ள உலோகங்களைக் கரைக்கிறது, அம்மோனியாவும் கலக்கிறது. அடியில் வந்து சேர்வது கறுத்து நாறும் திரவம். நீர் என்று சொன்னால் அதன் கடுமை பாதி மறைந்துவிடும்.

தில்லியில் இது சின்ன விஷயமில்லை. காசிப்பூர் மேட்டில் 1984-இல் கொட்டத் தொடங்கினார்கள். 2002-இலேயே நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகும் கொட்டி, 2019-இல் உயரம் 65 மீட்டர். குதுப் மினார் 73 மீட்டர். 2017 செப்டம்பரில் ஒரு பகுதி சரிந்து இருவர் இறந்தார்கள். உயரமும் சரிவும் செய்தியாகின்றன, கீழே இறங்குவது ஆவதில்லை. அந்த மேட்டுக்கு அடியில் விரிப்பே கிடையாது; கீழே இருப்பது யமுனை கொண்டுவந்து போட்ட வண்டல். தில்லியின் இன்னொரு குப்பைமேடான பல்ஸ்வாவை ஒட்டிய ஏரியும் யமுனையின் பழைய வளைவுதான். ஷாஜகான் 1639-இல் செங்கோட்டை கட்டத் தொடங்கியபோது மதிலடியில் ஓடிய ஆறு பிறகு கிழக்கே விலகிப்போனது. 2023 ஜூலையில் வெள்ளமட்டம் (கடல்மட்டத்திலிருந்து) 208.66 மீட்டரைத் தொட்டபோது மறுபடி அந்த மதில்வரை வந்தது. இப்படி இடம் மாறும் ஆற்றின் மண்ணில் கொட்டியது எங்கே போய்ச் சேரும் என்பதைக் கட்டுரை விளக்கியாக வேண்டும். அதற்குத்தான் சொல் கேட்கிறேன்.

> ஊறல் நல்ல தமிழ்ச்சொல் ஆயிற்றே?

அழகான சொல்தான் அம்மா. ஆனால் நாளிதழ் படிப்பவருக்கு உடனே சாராய ஊறல் நினைவுக்கு வரும். வடிநீர் என்றால் வேதியியல் பாடத்தில் வடிகட்டிக் கிடைக்கும் தெளிந்த நீர்; நேர் எதிர்ப்பொருள்.

‘சாறு இறங்குதல்’ நம் பேச்சிலேயே இருக்கிறது. ஒரு பொருளுக்குள் இருப்பது திரவத்தோடு வெளியே வருகிறது என்பது அதில் தெளிவு. எனவே ‘இறங்குசாறு’, ஊறுகாய் போல வினைத்தொகை. ‘குப்பைச்சாறு’ இன்னும் எளிதுதான், ஆனால் அனல்மின் நிலையச் சாம்பல்மேட்டுக்கும் சுரங்க மண்மேட்டுக்கும் பொருந்தாது. நிகழ்வைக் குறிக்கச் ‘சாறிறக்கம்’ என்று வைத்துக்கொள்ளலாம். சாறு என்றால் பழச்சாறு நினைவு வரும் என்று யாராவது சொல்லலாம். நச்சுச்செடியின் சாற்றையும் சாறு என்றுதானே சொல்கிறோம்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. ‘இறங்குசாற்றுக் குழாய்’ என்று இலக்கணப்படி திரித்து எழுதுவதா, படிக்க எளிதாக ‘இறங்குசாறு குழாய்’ என்று விடுவதா? எனக்கு முன்னதுதான் சரி என்று படுகிறது. பொறியியல் பாடநூல் எழுதுபவர்கள் சொல்லுங்கள்.