மறுமொழி: பின்சுருக்கமா, விரிவேற்றமா?

> "பேக்ரோனிம்" என்பதற்குப் "பின்சுருக்கம்" போதுமே. புதிதாக ஒன்று எதற்கு?

வணக்கம் ஐயா. போதாது என்பேன்; அதனால்தான் 'விரிவேற்றம்' என்கிறேன். பேக்ரோனிமில் சுருக்கமே நடக்கவில்லை. சொல் முன்பே புழங்குகிறது. யாரோ பிற்பாடு வந்து எழுத்துக்கு ஒரு சொல்லாகப் பொருத்திவிடுகிறார்கள். எங்கள் பள்ளி ஆசிரியர் 'நியூஸ்' என்றால் நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் என்றார். நானும் பல வருடம் நம்பினேன்.

படைவீரர்களின் பேச்சுவழக்கு பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் இதே தொல்லைதான். அமெரிக்கத் தரைப்படையில் எதற்கெடுத்தாலும் "ஹூஆ": கட்டளைக்குப் பதில், உற்சாகக் கூச்சல், சில நேரம் வெறும் 'சரி'. ஹெர்ட், அண்டர்ஸ்டுட், அக்னாலட்ஜ்ட் (கேட்டேன், புரிந்தது, ஏற்றேன்) என்பதன் முதலெழுத்துகள் என்று விளக்கமும் வைத்திருக்கிறார்கள். அப்படியானால் கடற்படையின் "ஹூயா", மரீன்களின் "ஊரா" எல்லாம் எதன் முதலெழுத்து? 1841இல் ஃபுளோரிடாவில் செமினோல் பழங்குடித் தலைவர் கோவகூச்சி விருந்தில் கோப்பையை உயர்த்திச் சொன்னது என்று வேறொரு கதையும் உலவுகிறது. கத்தலுக்கு வேர் தேடினால் இப்படித்தான் ஆகும்.

எஸ்ஓஎஸ் இன்னும் தெளிவு. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. தந்தியில் தட்ட எளிது என்பதால் 1906 பெர்லின் மாநாடு ஏற்ற ஆபத்துக் குறி. 'சேவ் அவர் சோல்ஸ்' பிறகு ஒட்டவைத்தது.

இதற்கு நம்மிடமே ஒரு வழி இருக்கிறது: தற்குறிப்பேற்றம். மதுரைக் கோட்டைக் கொடி காற்றில்தான் ஆடியது. கோவலனை 'வராதே' என்று கைகாட்டியதாகச் சொன்னது கவி. இல்லாத குறிப்பை ஏற்றுவது போல, இல்லாத விரிவை ஏற்றுவது விரிவேற்றம். 'ஹூஆவுக்கு விரிவேற்றினார்கள்' என்று வினையாகவும் வரும். பின்சுருக்கத்தை அப்படி வளைத்துப் பாருங்கள்.

> அப்போது "ஸ்நாஃபு"வும் விரிவேற்றம்தானா?

இல்லை, அது அசல் சுருக்கம். இரண்டாம் உலகப்போரில், எதையும் எழுத்தாகச் சுருக்கும் ராணுவத்தைக் கிண்டல் செய்து சிப்பாய்களே ஆங்கில முதலெழுத்துகளால் கட்டியது: நிலைமை வழக்கம்போல், எல்லாம் நாசம். (கடைசிப் பகுதியை நாகரிகமாக்கியிருக்கிறேன்.)

> "ராஜர்"?

இரண்டிலும் சேராது. 'ரிசீவ்ட்' (செய்தி கிடைத்தது) என்பதன் முதலெழுத்தான ஆருக்கு, எழுத்துகளைத் தெளிவாகச் சொல்ல வைத்திருந்த அன்றைய வானொலி எழுத்துப் பட்டியலில் ராஜர் என்று பெயர். இன்று அந்த எழுத்து ரோமியோ. பெயர் மாறியும் சொல் நின்றுவிட்டது. இதற்கு என்னிடம் சொல் இல்லை, தனி இழை தொடங்குங்கள்.