ஹாட் டப் நீர் 32 டிகிரிக்கு மேல் சூடாகவில்லை: ஹீட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

அஜாக்ஸ் வாசி

வணக்கம். கனடாவில், ஒன்ராறியோவின் அஜாக்ஸ் நகரில் எங்கள் வீட்டின் பின்முற்றத்தில் ஏறத்தாழ 1,500 லிட்டர் கொள்ளும் ஹாட் டப் (வெந்நீர்த் தொட்டி) ஒன்று இருக்கிறது. 240 வோல்ட் இணைப்பு, 5.5 கிலோவாட் ஹீட்டர். முழங்கால் வலியுள்ள என் தாயார் மாலையில் சிறிது நேரம் அதில் அமர்ந்து எழுந்தால்தான் இரவில் நிம்மதியாக உறங்குவார் என்பதால், குளிர்காலம் முழுவதும் நீரை 39 டிகிரி செல்சியஸில் வைத்திருப்பது வழக்கம். சென்ற வாரம் பழைய நீரை வெளியேற்றிப் புதிய நீரை நிரப்பியதிலிருந்து வெப்பநிலை 32 டிகிரியைத் தாண்ட மறுக்கிறது. நீரோட்டம் குறைவு என்பதற்கான பிழைக்குறியீடு அவ்வப்போது தோன்றிச் சில நிமிடங்களில் தானாகவே மறைகிறது. பம்ப் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, பிரேக்கர் ட்ரிப் ஆகவில்லை. தொலைபேசியில் விசாரித்தபோது, பழுதுபார்ப்பவர் ஒருவர் தொட்டியைப் பார்க்காமலேயே ஹீட்டரை மாற்றச் சொன்னார்.

இன்னொரு செய்தி: இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை மிகக் குறைந்த கட்டணம் வரும் மின்திட்டத்துக்கு மாறியதால், பம்ப் தானாக ஓடி நீரை வடிகட்டும் நேரத்தை இரவுக்கு மாற்றினேன். இதற்கும் பழுதுக்கும் தொடர்பு உண்டா? வெளியே உறைநிலைக்கு 15 டிகிரி கீழே இருக்கும் இந்நேரத்தில் தொட்டி நின்றுவிடுமோ என்ற கவலை எனக்கு.

மிசிசாகா பராமரிப்பாளர்

ஐயா, ஹீட்டரை இப்போதைக்கு வாங்காதீர்கள். ஹீட்டரின் சுருள் அறுந்திருந்தால் இந்தக் குளிரில் நீர் 32 டிகிரிவரைகூட வந்திருக்காது. உங்கள் தொட்டி சூடேறத் தொடங்கிப் பாதியில் நிற்கிறது. கூடவே நீரோட்டக் குறியீடும் வருகிறது. ஹீட்டர் குழாயினுள் போதிய நீர் ஓடவில்லை என்று தெரிந்தால், சுருள் எரிந்துபோகாதிருக்கக் கட்டுப்பாட்டுப் பெட்டியே அதற்கான மின்சாரத்தை நிறுத்திவிடும். பழைய தொட்டிகளில் இதைக் கண்டறிவது அழுத்த சுவிட்ச். பிற்காலத்தில் வந்த பலவற்றில் குழாயின் இரு முனைகளிலும் வெப்ப சென்சார்கள் இருக்கின்றன. இரண்டும் காட்டும் வெப்பநிலை அதிகமாக வேறுபட்டால், நீர் தேங்குகிறது என்று அமைப்பு எடுத்துக்கொள்ளும்.

முதலில் வடிகட்டியை வெளியே எடுத்துவிட்டுச் சிறிது நேரம் ஓட்டிப் பாருங்கள். குறியீடு வராவிட்டால் குற்றவாளி வடிகட்டிதான். அதன் மடிப்புகளில் உடல் எண்ணெயும் சுண்ணாம்பும் படிந்திருந்தால் வெறும் நீரால் அலசுவது போதாது, அதற்கென விற்கும் கரைசலில் இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும்.

நீர் மாற்றிய பிறகு தொடங்கிய சிக்கல் என்பதால், பம்பில் காற்று அடைத்திருக்கும் என்ற சந்தேகமும் எனக்கு வலுவாக இருக்கிறது. பிரேக்கரை நிறுத்திவிட்டு, பம்பின் முகப்பிலுள்ள பெரிய பிளாஸ்டிக் யூனியன் நட்டை (குழாயைப் பம்புடன் இணைக்கும் திருகு வளையம்) கையால் சிறிதளவு மட்டும் தளர்த்துங்கள். உஸ்ஸென்று காற்று வெளியேறி, பிறகு நீர் சீராகக் கசியத் தொடங்கியதும் உடனே இறுக்கிவிடுங்கள். அடுத்த முறை தோட்டக் குழாயை வடிகட்டி இருக்கும் குழியினுள் விட்டு நிரப்பினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

ஸ்கார்பரோ மின்வினைஞர்

மேலே சொன்ன வரிசையே சரியானது. அதற்குப் பிறகும் சூடேறாவிட்டால் மட்டும் மின்பகுதிக்கு வாருங்கள். பலர் தவறவிடும் ஒரு பழுது உண்டு: 240 வோல்ட் இணைப்பின் இரு கம்பிகளில் ஒன்றில் மின்சாரம் போய்விட்டால், 120 வோல்ட்டில் இயங்கும் சிறிய பம்பும் விளக்கும் கட்டுப்பாட்டுப் பலகையும் வழக்கம்போல் வேலை செய்யும், ஹீட்டர் மட்டும் குளிர்ந்து கிடக்கும். அந்த நிலையில் ஹீட்டரை மாற்றினால் பணம்தான் வீண். மின்சாரத்தை முழுமையாகத் துண்டித்து, ஹீட்டரின் இணைப்பைக் கழற்றி அளந்தால், 5.5 கிலோவாட் சுருள் ஏறத்தாழ 10.5 ஓம் காட்ட வேண்டும். சுருளிலிருந்து அதன் உலோக உறைக்கு மின்கசிவு இருந்தால், கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கர் ட்ரிப் ஆகும். உங்களுக்கு அது நேரவில்லை என்பது நல்ல அறிகுறி.

இவற்றை உரிமம் பெற்றவரைக் கொண்டே செய்யுங்கள். எந்த நிலையிலும் சென்சாரைக் கம்பியால் இணைத்து ஏமாற்றி ஓட்டாதீர்கள். நீர் 40 டிகிரியைத் தாண்டாமல் காப்பது அந்தப் பாதுகாப்பு அமைப்புதான், அதில் அமர்பவர் உங்கள் தாயார்.

அஜாக்ஸ் வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. நட்டைத் தளர்த்தியபோது நிறையக் காற்று வெளியேறியது. வடிகட்டியையும் ஊறவைத்துக் கழுவிப் பொருத்தினேன். குறியீடு மறைந்துவிட்டது, ஓடும்போது மணிக்கு 3 டிகிரி வீதம் ஏறுகிறது. ஆனால் காலை 7 மணிக்கு 39 டிகிரியாக இருக்கும் நீர், மாலை 7 மணிக்கு 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. பகலில் ஹீட்டர் ஓடுவதே இல்லை.

குவெல்ஃப் பொறியாளர்

உங்கள் ஹீட்டர் முழு நலத்துடன் இருக்கிறது. 1,500 லிட்டர் நீரை 1 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 1.75 கிலோவாட்-மணி தேவை, 5.5 கிலோவாட் ஹீட்டரால் மணிக்கு 3 டிகிரிக்குச் சற்று மேல் உயர்த்த முடியும். நீங்கள் அளந்ததும் அதுதான். தொட்டி இப்போது சிக்கன முறையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த முறையில் வடிகட்டும் நேரத்தில் மட்டுமே ஹீட்டர் இயங்கும், அதை நீங்கள் இரவுக்கு மாற்றிவிட்டீர்கள். வழக்கமான முறைக்கு மாற்றினால் நாள் முழுவதும் வெப்பநிலை காக்கப்படும். ஆனால் உங்கள் மின்திட்டத்தில் வார நாட்களில் மாலை 4 முதல் 9 மணி வரை கட்டணம் மிக அதிகம். எனவே சிக்கன முறையிலேயே விட்டுவிட்டு, பிற்பகல் 1 முதல் 4 மணி வரை இரண்டாவது வடிகட்டும் நேரம் ஒன்றைச் சேர்ப்பதே உங்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து.

இன்னும் ஒன்று. 12 மணி நேரத்தில் 5 டிகிரி இறங்குவது என்றால் ஏறத்தாழ 9 கிலோவாட்-மணி வெப்பம் வெளியேறுகிறது, இது அதிகம். பனி பெய்த மறுநாள் காலை, கூட்டித் தள்ளுவதற்கு முன் மூடியைப் பாருங்கள். நடுமடிப்பின் நெடுகிலும் ஓரங்களிலும் மட்டும் பனி உருகிக் கறுத்துத் தெரிந்தால், வெப்பம் அவ்வழியே போகிறது. தூக்கும்போது மூடி முன்பைவிடக் கனத்தால், உள்ளிருக்கும் ஃபோம் நீரை உறிஞ்சிக் காப்புத் திறனை இழந்துவிட்டது. உலர்த்தினாலும் அது பழைய நிலைக்கு வருவது அரிது. ஹீட்டருக்கு ஒதுக்கிய பணத்தைப் புதிய மூடிக்குச் செலவிடுங்கள்.

பலகை காட்டும் வெப்பநிலையையும் முழுதாக நம்ப வேண்டாம். சென்சார் ஹீட்டர் குழாயினுள் இருக்கும் தொட்டிகளில், பம்ப் ஓரிரு நிமிடம் ஓடிய பிறகே அது காட்டும் எண் தொட்டி நீருக்குப் பொருந்தும். மிதக்கும் வெப்பமானி ஒன்றை நீரில் விட்டுவையுங்கள். ஹீட்டர் என்றாவது உண்மையாகவே கெட்டுப்போனாலும், பழுதுபார்ப்பவர் வரும்வரை பம்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இந்தக் குளிரில் ஓடாத நீர் முதலில் உறைவது மெல்லிய குழாய்களில்தான், அவை வெடித்தால் செலவு ஹீட்டரோடு நிற்காது.