காற்றுப்பூட்டா, காற்றுக்கட்டா? ‘எயர் லொக்’, ‘பிளீடிங்’ இரண்டுக்கும் சொல்

திருநெல்வேலியிலிருந்து:

வணக்கம். ஹெட் கஸ்கெற் (எஞ்சின் உடலுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையில் வைக்கும் தகடு) மாற்றிய காரில் குளிர்த்தும் தொகுதியைச் சரிபார்க்கும் கையேடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. இரண்டு சொல்லில்தான் இழுபடுகிறது. உள்ளே அகப்பட்ட காற்று தண்ணீர் ஓட்டத்தை மறிக்கும் ‘எயர் லொக்’குக்குக் ‘காற்றுப்பூட்டு’ என்றும், அந்தக் காற்றை வெளியே விடும் ‘பிளீடிங்’குக்கு நம்முடைய யாழ்ப்பாணத்துக் கராஜில் சொல்வதுபோலக் ‘காத்தெடுத்தல்’ என்றும் இப்போதைக்கு வைத்திருக்கிறேன். ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்துக் ‘குருதிவடிப்பு’ என்று வந்த யோசனையை எடுக்கவில்லை. வெளியே விடுவது காற்றை, தண்ணீரை அல்ல.

கொக்குவிலிலிருந்து:

> காற்றுப்பூட்டு

வேண்டாம், தம்பி. கராஜில் ‘பூட்டுறது’ என்றால் பொருத்துவது. ஹெட்டைக் கழற்றிப் பூட்டு, பம்பியைப் பூட்டு என்று பத்து இடத்தில் எழுதிவிட்டுப் பதினோராவதாகக் ‘காற்றுப்பூட்டு’ என்றால், வேலை பழகுகிற பொடியன் காற்றையும் பூட்டச் சொல்கிறார்கள் என்றுதான் விளங்கிக்கொள்வான்.

நடப்பதைப் பார்த்துச் சொல் எடுப்போம். ஹெட்டைக் கழற்றும்போது எஞ்சினுக்குள் இருந்த தண்ணீர் வடிந்துவிடும். திரும்ப ஊற்றும்போது, சூடேறினால் மட்டும் தண்ணீருக்கு வழிவிடும் வால்வான தேமோஸ்ராற் மூடியே இருக்கும். பல ஜப்பான் கார்களில் அது 82 பாகையில்தான் திறக்கத் தொடங்கும். உள்ளே நின்ற காற்றுக்குப் போக வழியில்லை. பம்பியின் சுழலி தண்ணீரைத் தள்ளும், காற்றைத் தள்ளாது. தேமோஸ்ராற்றின் மெழுகுக் குமிழ் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றில் நின்றால் சூடு பிந்தித்தான் தெரியும், திறப்பதும் பிந்தும். சென்சரும் காற்றில் நின்றால் மீற்றர் பொய் சொல்லும்: முள் கீழே கிடக்கும், திடீரென்று பாயும். அதற்கிடையில் புகைவால்வைச் சுற்றித் தண்ணீர் கொதித்துவிடும். எஞ்சின் சூடு, ஹீற்றரில் வருவதோ குளிர்காற்று என்றால் பெரும்பாலும் இதுதான்.

ஓட்டம் மறிபட்டு ஓரிடத்தில் நிற்பதற்குத் தமிழில் ‘கட்டு’ என்று சொல் இருக்கிறதே. நீர்க்கட்டு, மலக்கட்டு, பால்கட்டு. அந்த வரிசையில் ‘காற்றுக்கட்டு’.

சாவகச்சேரியிலிருந்து:

காற்றுக்கட்டு நல்லாயிருக்கு, அண்ணை. ஆனால் ‘காத்தெடுத்தல்’ ஆபத்து. தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும்போது “மிசின் காத்தெடுக்குது” என்றால் உறிஞ்சு குழாயில் ஓட்டை, காற்று உள்ளே வருகிறது என்று அர்த்தம். கராஜில் அதே சொல்லுக்குக் காற்றை வெளியே விடுவது. ஒரே ஊர், நேர் எதிர்ப் பொருள். ‘காற்றுநீக்கல்’ என்று வைத்தால் மயக்கமில்லை. கையேட்டுப் பந்தியில் வைத்துப் பாருங்கோ:

“காற்றுநீக்கலை எஞ்சின் ஆறியிருக்கும்போதே தொடங்குக. றேடியேற்றர் வாய் மேலே வருமாறு காரின் முன்பக்கத்தை உயர்த்துக. ஹீற்றரை முழுச்சூட்டில் வைக்க. மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் பிசைந்து குமிழிகளை வரவிடுக. மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, மட்டம் இறங்க இறங்க நிரப்புக. மேல் ஹோஸ் சுடத் தொடங்கினால் தேமோஸ்ராற் திறந்துவிட்டது. குமிழி நின்றதும் மூடியைப் பூட்டி, ஃபான் இரண்டு தரம் போட்டு நிற்கும்வரை ஓடவிடுக. முழுதும் ஆறிய பிறகே மூடியைத் திறந்து மட்டம் பார்க்க.”

எவ்வளவு வடித்தோம், எவ்வளவு போனது என்று அளக்கும் வரியையும் சேருங்கோ. வடித்தது 5 லீற்றர், போனது 3½ என்றால் மிச்ச இடத்தில் காற்று நிற்கிறது. இன்னொன்று, கிணற்றுத் தண்ணீர் ஊற்றச் சொல்லவேண்டாம். நம்முடைய நிலம் சுண்ணக்கல். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிவது றேடியேற்றர் குழாயிலும் படியும். கூலன்ற் பாதி, காய்ச்சிவடித்த நீர் பாதி.

கொக்குவிலிலிருந்து:

காற்றுநீக்கலுக்கு நானும் சம்மதம். ‘காற்றுப்போக்கு’ என்று எழுத இருந்தேன், வயிற்றுப்போக்கு ஞாபகம் வந்து விட்டுவிட்டேன்.

ஒரு திருத்தம். பிரேக்குக்கும் ‘காற்றுநீக்கல்’ பொருந்தும், ‘காற்றுக்கட்டு’ பொருந்தாது. பிரேக் குழாயில் காற்று ஒன்றையும் மறிப்பதில்லை, அமுங்கிக்கொடுக்கிறது. அதனால்தான் பெடல் பஞ்சுபோல இறங்குகிறது. டீசல் குழாயில் வேண்டுமானால் கட்டு என்று சொல்லலாம். காற்றை விடத் தளர்த்தும் திருகாணியைக் ‘காற்றுத்திருகு’ என்று சுருக்கவும் வேண்டாம், அந்தப் பெயரில் காபரேற்றரில் ஒன்று இருக்கிறது. ‘காற்றுநீக்கித் திருகு’ என்று முழுதாகவே எழுதுங்கோ.

காற்றுக்கட்டு என்று எல்லாவற்றையும் அதன் தலையில் போடாமலிருக்க ஒரு எச்சரிக்கையும் தேவை. எத்தனை தரம் காற்றுநீக்கினாலும் குமிழி ஓயாமல் வந்தால், அல்லது குளிர்ந்த எஞ்சினை ஸ்ராற் பண்ணிய ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், அது சிலிண்டருக்குள் எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிவது. கஸ்கெற் பிடிக்கவில்லை, அல்லது ஹெட் நெளிந்திருக்கிறது. அந்த வாயுவைக் கண்டுபிடிக்கும் சோதனைத் திரவம் நீலத்திலிருந்து மஞ்சளானால் சந்தேகமில்லை, திரும்பக் கழற்றவேண்டியதுதான்.

திருநெல்வேலியிலிருந்து:

இரண்டையும் எடுத்துக்கொண்டேன், ஐயா. காற்றுக்கட்டு, காற்றுநீக்கல். இன்னும் ஒன்று: தேமோஸ்ராற் விளிம்பில் சின்ன ஓட்டையில் ஆடிக்கொண்டு ஒரு ஊசி தொங்கும், ‘ஜிகிள் வால்வ்’. நிரப்பும்போது காற்று அதனூடாகத்தான் மேலேறும். பூட்டும்போது அது உச்சியில், 12 மணித் திசையில் இருக்கவேணும். கீழே வந்தால் அங்கேயே காற்றுக்கட்டு. ‘ஆடூசி’ என்று வைத்திருக்கிறேன். ‘ஆடுமணி’ என்றால் இன்னும் பொருந்துமோ?