மின்சாரம் போனால் கோப்பு 0 பைட்: எஃப்சிங்க் எங்கே போட வேண்டும்?

வட்டுவாசி:
லினக்ஸ், எக்ஸ்டி4 கோப்பு முறைமை. பைத்தான் சேவை ஒன்று தன் அமைப்புகளை ஒரே ஜேசான் கோப்பில் வைக்கிறது. சேமிக்கும்போது அதே கோப்பை 'டபிள்யூ' முறையில் திறந்து, எழுதி, க்ளோஸ் செய்கிறது. மின்சாரம் போய் வந்தால் சில சமயம் கோப்பு 0 பைட். பிழைச்செய்தி எதுவும் இல்லை. க்ளோஸ் முடிந்தால் வட்டில் எழுதியாயிற்று என்றுதானே அர்த்தம்? இல்லையென்றால் எஃப்சிங்க் (கோப்பை வட்டில் எழுதி முடிக்கச் சொல்லும் அழைப்பு) எங்கே போட வேண்டும்?

கர்னல்தம்பி:
இல்லை. க்ளோஸ், பைத்தான் பஃபரில் இருப்பதை கர்னலின் பேஜ் கேஷில் (கோப்புப் பக்கங்களை நினைவகத்தில் வைக்கும் இடம்) தள்ளுவதோடு சரி. அங்கிருந்து வட்டுக்குப் போவது கர்னலின் விருப்பம்: இயல்பு அமைப்பில் 5 விநாடிக்கு ஒருமுறை எழுந்து, 30 விநாடிக்கு மேல் பழசான பக்கங்களை எழுதும். 'டபிள்யூ' முறையோ திறந்த உடனே கோப்பை வெட்டிவிடும். அந்த வெட்டு ஜர்னலில் (கோப்பு முறைமை தன் மாற்றங்களைக் குறிக்கும் பதிவு) ஏறி, புதுத் தரவு ஏறாமல் கரன்ட் போனால் 0 பைட்தான். எக்ஸ்டி4-இன் 'ஆட்டோ_டிஏ_அலாக்' என்ற அமைப்பு இந்த இடைவெளியைக் குறைக்கும், ஒழிக்காது.

செய்ய வேண்டியது:

1. அதே அடைவில் தற்காலிகக் கோப்பைத் திறந்து முழுவதும் எழுதுங்கள். வேறு கோப்பு முறைமையில் வைத்தால் ரீநேம் 'எக்ஸ்டெவ்' பிழையோடு நிற்கும். ஷூட்டில்.மூவ் இன்னும் மோசம், சத்தமில்லாமல் நகலெடுக்கும்.
2. எஃப்.ஃப்ளஷ்(), பிறகு ஓஎஸ்.எஃப்சிங்க்(எஃப்.ஃபைல்னோ()). ஃப்ளஷை விட்டால் தரவு இன்னும் பைத்தானிடமே இருக்கும். எஃப்சிங்க் வெற்றி என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.
3. ஓஎஸ்.ரீப்ளேஸ்() கொண்டு தற்காலிகக் கோப்பை அசல் பெயருக்கு ரீநேம் செய்யுங்கள்.
4. அடைவை ஓ_ஆர்டிஒன்லி (படிக்க மட்டும்) கொண்டு திறந்து அதற்கும் எஃப்சிங்க்.

நாலாவதை விட்டாலும் பழைய கோப்போ புதியதோ, ஏதோ ஒன்று முழுசாக இருக்கும். ஆனால் 'சேமித்தாயிற்று' என்று யாருக்காவது பதில் சொல்லியிருந்தால் அது பொய்யாகலாம். தற்காலிகக் கோப்புக்கு எம்கேஸ்டெம்ப் பயன்படுத்தினால் அது 0600 (உரிமையாளருக்கு மட்டும்) அனுமதியோடுதான் உருவாக்கும், பழைய அனுமதியை எஃப்சிமாட் மூலம் திருப்பி வையுங்கள்.

பிழைவேட்டை:
மேலே சொன்னதோடு ஒன்று. எஃப்சிங்க் திருப்பித் தரும் பிழையைப் பார்க்காமல் விடக் கூடாது. அதைவிட முக்கியம், பிழை வந்தால் எஃப்சிங்கையே மறுபடி அழைத்துப் பயனில்லை. எழுதத் தவறிய பக்கத்தை லினக்ஸ் பல கோப்பு முறைமைகளில் சுத்தம் என்று குறித்துவிடும். இரண்டாம் அழைப்பு வெற்றி என்று வரும், தரவு மட்டும் வட்டில் இருக்காது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் குழு 2018-இல் இதை எதிர்கொண்டது. எஃப்சிங்க் தோற்றால் சர்வரையே நிறுத்தி, டபிள்யூஏஎல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும்) பதிவிலிருந்து மீட்கும்படி மாற்றினார்கள். உங்கள் விஷயத்தில் எளிது: தற்காலிகக் கோப்பை அழித்துவிட்டு நினைவகத்தில் இருப்பதை முதலிலிருந்து எழுதுங்கள். ரீநேம் செய்யாதவரை பழைய கோப்புக்கு ஆபத்தில்லை.

வட்டுவாசி:
நன்றி. இதே சேவைக்கு நிகழ்வுப் பதிவுக் கோப்பும் உண்டு, வரிவரியாகச் சேரும். ஒவ்வொரு வரிக்கும் எஃப்சிங்க் போட்டால் வேகம் படுத்துவிடுமே? மேக்கிலும் இது ஓட வேண்டும்.

தாமதம்0:
வரிக்கு ஒன்று வேண்டாம். சில மில்லிவிநாடி காத்து, சேர்ந்ததை ஒரே ரைட், ஒரே எஃப்டேட்டாசிங்க் (தேவையற்ற கோப்பு விவரங்களை விட்டுவிடும் எஃப்சிங்க்). அதன் பிறகே அத்தனை பேருக்கும் 'முடிந்தது' சொல்லுங்கள். டேட்டாபேஸ்கள் செய்வதும் இதைத்தான். ஒவ்வொரு வரியிலும் நீளமும் சிஆர்சியும் (பிழை காட்டும் சரிபார்ப்பு எண்) இருக்கட்டும், கரன்ட் போனால் கடைசி வரி பாதியில் கிழியலாம்.

எஃப்டேட்டாசிங்க் மிச்சப்படுத்துவது கோப்பு மாறிய நேரம் போன்றவற்றை. கோப்பின் அளவு வளர்ந்தால் அதையும் எழுதியே தீரும். ஆகவே முன்கூட்டியே இடம் ஒதுக்குவார்கள். இடம் ஒதுக்கும் அழைப்பான ஃபாலொகேட் மட்டும் போதாது: ஒதுக்கிய பகுதி 'இன்னும் எழுதாதது' என்ற குறியோடு இருக்கும், முதல்முறை எழுதும்போது மறுபடி ஜர்னல் வேலை. நிஜமாகவே பூஜ்யங்களை எழுதி நிரப்புங்கள்.

மேக்கில் எஃப்சிங்க் வட்டின் உள் கேஷைக் காலி செய்யாது. எஃப்சிஎன்டிஎல் அழைப்பு வழியாக எஃப்_ஃபுல்எஃப்சிங்க் தேவை, அது மெதுவாகவே இருக்கும். லினக்ஸில் எஃப்சிங்க் அந்த ஃப்ளஷ் கட்டளையையும் அனுப்பும், 'நோபேரியர்' (அந்த ஃப்ளஷை நிறுத்தும் தேர்வு) போட்டு மவுன்ட் செய்யாதவரை. வேகத்துக்காக அதைப் போடச் சொல்லும் அறிவுரைகள் நிறைய. மின்சாரம் போனாலும் கேஷைக் காக்கும் மின்தேக்கி உள்ள எஸ்எஸ்டி என்றால் அங்கே ஃப்ளஷ் ஏற்கெனவே மலிவு, மற்ற வட்டுகளில் அது தரவோடு சூதாட்டம்.

சோதிக்க கில் -9 உதவாது. செத்தது நிரல்தான், பேஜ் கேஷ் உயிரோடுதான் இருக்கிறது. டிஎம்-லாக்-ரைட்ஸ் என்ற லினக்ஸ் வசதியை வைத்து, வட்டில் எழுதப்படுவதையெல்லாம் பதிந்து, ஒவ்வொரு ஃப்ளஷ் வரையிலும் மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.