அஷ்டமுடிச் சிப்பி: மே மாதம் இனித்தது, ஆகஸ்டில் சப்பென்று இருந்தது. ஏன்?

நாகலூர் காப்பிக்காரர்:

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறேன். மகளைக் கொல்லத்தில் கட்டிக்கொடுத்த பிறகுதான் கடல் சாப்பாடே பழக்கம். போன வருஷம் மே மாதம் சம்பந்தி வீட்டில் அஷ்டமுடிக் காயல் சிப்பியை ஆவியில் வேகவைத்து, வாய் திறந்ததும் எலுமிச்சை பிழிந்து, நான் கொண்டுபோன மிளகை இடித்துத் தூவிக் கொடுத்தார்கள். முதலில் உப்பு. கடித்ததும் இளநீர் வழுக்கை மாதிரி ஒரு இனிப்பு. விழுங்கிய பிறகும் நாக்கின் ஓரத்தில் நின்றது. அறுபது வயதில் புதிதாக ஒரு ருசி கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஆகஸ்டில் பேரனுக்குக் காதுகுத்து. ஆசையாகப் போனேன். காயல் கரையில் ஒரு கடையில் வாங்கிச் சாப்பிட்டால், சதை சுருங்கி, ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி, கஞ்சித் தண்ணீர் போல இருந்தது. அதே காயல், அதே சிப்பி. என்ன ஆயிற்று?

இன்னொன்று. தோட்டத்தில் பத்தாயிரம் லிட்டர் சிமெண்ட் தொட்டி சும்மா கிடக்கிறது. உப்பைக் கரைத்து அதில் இந்தச் சிப்பியை வளர்க்க முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேட்டூர் கரை:

உப்பெல்லாம் எதற்குங்க? அணையில் தண்ணீர் இறங்கும்போது கரைச் சேற்றில் கறுப்பாக மட்டி கிடக்கும். சின்ன வயதில் பொறுக்கி விளையாடியிருக்கிறோம். அதைத் தொட்டியில் விட்டால் வளராதா?

தளவாபுரம் மருமகள்:

அண்ணா, நான் பிறந்தது தாதகாப்பட்டி. வாழ்க்கைப்பட்டது அஷ்டமுடிக் கரையில் இருக்கும் தளவாபுரம். பெண்கள் குழுவாகச் சேர்ந்து சிப்பி வளர்க்கிறோம். இங்கே இதைக் கடல் முரிங்ஙா என்பார்கள். நம் கீரை முருங்கை என்று நினைத்து முதல் வருஷம் நான் திணறியது தனிக்கதை.

மேட்டூர்க்காரருக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். ஆற்று மட்டி வேறு குடும்பம். அதை நன்னீர் முத்து வளர்க்கப் பயன்படுத்துகிறார்கள். இந்த ருசி அதில் வராது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ருசி மாறியது உங்கள் நாக்கின் குற்றமில்லை. சிப்பி தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரின் உப்புக்குத் தக்கபடி உடம்பைச் சரிசெய்துகொள்ளும். தண்ணீரில் உப்பு ஏறினால் அதைத் தாங்குவதற்குச் சதைக்குள் கிளைசின், அலனின் போன்ற அமினோ அமிலங்களைச் சேர்த்துவைக்கும். இரண்டுமே இனிப்பானவை. கோடையில் காயலுக்குள் கடல்நீர் நன்றாக ஏறியிருக்கும், தீனியும் தாராளம். கிளைக்கோஜன் என்கிற மாவுச்சத்தும் சேர்ந்து சதை பால்வெள்ளையாகத் திரண்டு நிற்கும். மே மாதம் நீங்கள் சாப்பிட்டது அதைத்தான்.

ஜூனில் மழை பிடித்தால் கல்லடையாறு வெள்ளத்தைக் கொண்டுவந்து காயலில் கொட்டும். உப்பு குறைந்ததும் சிப்பி அந்த அமிலங்களை வெளியே விட்டுவிடும். உப்பு ரொம்ப இறங்கினால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு சேமித்த மாவுச்சத்தைக் கரைத்து உயிர்வாழும். முட்டையிட்டு முடித்த சிப்பியாக இருந்தால் கேட்கவே வேண்டாம், வெறும் தோல்தான். அதனால்தான் மழைக்கு முன்னாலேயே அறுவடையை முடிக்கத் துடிப்போம். ஆகஸ்டில் உங்களுக்குக் கொடுத்தது வளர்ப்புக் கயிற்றில் அறுவடைக்கு விட்டுப்போனதாகவோ பாறையில் தானாக வளர்ந்ததாகவோ இருக்கும். அந்தக் காலத்தில் விற்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. முதல் தடவை சாப்பிடுகிறவர் இதுதான் ருசி என்று நினைத்துப் போய்விடுவார், அது எனக்குப் பொறுக்காது.

வளர்ப்பு இப்படி. காயலில் கம்பு நட்டுப் பந்தல் போடுவோம். நைலான் கயிற்றில் ஐந்தாறு காலி ஓடுகளை இடைவெளி விட்டுக் கோத்துத் தொங்கவிடுவோம். கார்த்திகை, மார்கழி வாக்கில் தண்ணீரில் மிதக்கும் குஞ்சுகள் அந்த ஓடுகளில் வந்து ஒட்டிக்கொள்ளும். கடுகளவு இருப்பது மேக்குள் உள்ளங்கை நீளத்துக்கு வந்துவிடும். தீனி நாம் போடுவதில்லை. தண்ணீரை வடிகட்டி நுண்பாசியைத் தானே தின்னும். பத்து கிலோ ஓட்டோடு எடுத்தால் சதை ஒரு கிலோ தேறும், அவ்வளவுதான். இந்த முறையை 1970களில் உருவாக்கியது மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையம். சிப்பியின் அறிவியல் பெயரே கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ், 1916இல் நம் மெட்ராஸ் பெயரை வைத்தார்கள். ஆனால் கேரளாவில்தான் வீட்டுப் பெண்கள் கையில் தொழிலாக வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டுக்காரியாக அதில் எனக்கு வருத்தம் உண்டு.

உங்கள் தொட்டியில் முடியாது அண்ணா. சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது. மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் அளவோடு வேண்டும். அதைக்கூட வாங்கிக் கலக்கலாம். நாள் தவறாமல் உயிருள்ள பாசிக்கு எங்கே போவீர்கள்? இங்கே அலை ஏற்றமும் இறக்கமும் சும்மா கொண்டுவந்து கொடுப்பதை அங்கே நீங்கள் கண்ணாடிக் குடுவையில் வளர்க்க வேண்டியிருக்கும்.

நாகலூர் காப்பிக்காரர்:

நன்றிம்மா. படித்ததும் எனக்கு என் செடிதான் ஞாபகம் வந்தது. ஒரே ரகக் காப்பி, எங்கள் நாகலூரில் ஒரு ருசி, வாழவந்தியில் ஒரு ருசி. தொட்டி யோசனையை விட்டுவிட்டேன். ஆனால் என் வீட்டுக்காரி கொல்லத்துக்கு வரமுடியாது, முழங்கால் வலி. இரவு ரயிலில் உயிரோடு எடுத்துவந்து மலைக்கு ஏற்ற முடியுமா? எனக்கும் அவளுக்கும் சர்க்கரை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தளவாபுரம் மருமகள்:

சர்க்கரை இருந்தால் பச்சையாக ஒன்றுகூட வேண்டாம் அண்ணா. விப்ரியோ என்ற கிருமி இருக்கலாம். கல்லீரல் கோளாறு, சர்க்கரை உள்ளவர்களை அது படுத்திவிடும்.

எடுத்துப் போகலாம். ஏப்ரல் கடைசியில் வாருங்கள். சுத்தமான கடல்நீரில் ஒரு நாள் விட்டு அழுக்கைக் கக்கவைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். குழிந்த ஓடு கீழே இருக்கும்படி அடுக்கி, ஈரச் சாக்கைப் போர்த்துங்கள். ஐஸ் வைத்தால் பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் வையுங்கள். உருகிய தண்ணீரில் ஊறினால் வழியிலேயே செத்துவிடும். குழாய்த் தண்ணீரில் போட்டுவைப்பதும் அப்படித்தான்.

வீட்டுக்குப் போனதும் திறந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள், மூடாவிட்டால் எறிந்துவிடுங்கள். ஆவியில் வாய் திறந்த பிறகும் ஐந்து நிமிடம் வேகட்டும். கடைசிவரை திறக்காததைக் கத்தி வைத்து நெம்பாதீர்கள், அதையும் எறியுங்கள். உப்பு போட வேண்டாம். உங்கள் மிளகு போதும்.