பத்து நிமிடம் நம் கையில்: ஹோல்ஸ்டா, சினிமா மெட்லியா?

தாழ்ஸ்தாயி (யூபோனியம், உயர்நிலை 4)

சிங்கப்பூர்ப் பள்ளி பேண்டுகளில் வாசிக்கும் எல்லோரிடமும் ஒரு கேள்வி. இது இளையர் விழாப் போட்டி (பள்ளி பேண்டுகளை மதிப்பிடும் தேசிய விழா) இல்லாத வருடம், அதனால் எங்கள் ஆண்டுக் கச்சேரிக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் இருக்கிறது. இரண்டாம் பாதியில் பத்து நிமிடத்துக்கு என்ன வாசிப்பது என்று மாணவர் குழுவே முடிவு செய்யலாம் என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். ஏன் அந்த பீஸ் என்று காரணம் மட்டும் சொல்ல வேண்டும்.

நான் கேட்பது ஆங்கிலேய இசையமைப்பாளர் குஸ்டாவ் ஹோல்ஸ்ட் 1909-ல் பேண்டுக்கு எழுதிய முதல் சூட், அதாவது மூன்று பகுதிகள் சேர்ந்த ஒரு பீஸ். குழுவில் பாதிப் பேர் கேட்பது பல பாட்டுகளைக் கோத்த மெட்லி: ஒரு அனிமே, ஒரு ஹாலிவுட், நடுவில் ஒரு தமிழ்க் குத்துப்பாட்டு. எங்களிடம் ஓபோ ஒன்று, பசூன் கிடையாது, கிளாரினெட்டில் பாதிப் பேர் உயர்நிலை 1, 2. வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது. உங்கள் பேண்டில் என்ன செய்தீர்கள்?

டிரம்செட்_தம்பி (பெர்கஷன், உயர்நிலை 3)

நானும் அதே பேண்ட்தான். அண்ணன் சொல்லாமல் விட்டதை நான் சொல்லிவிடுகிறேன். போட்டி வருடத்தில் ஒரு செட் பீஸ் (விதிக்கப்பட்டது), ஒரு சாய்ஸ் பீஸ் (நாமே தேர்ந்தது) என்று அந்த இரண்டையே மாதக்கணக்கில் தேய்த்தோம். அந்த வருடம் சேர்ந்த உயர்நிலை 1 பிள்ளைகளுக்கு வேறு எதுவுமே வாசிக்கத் தெரியாது. இப்போது கிடைத்த பத்து நிமிடத்தையும் இன்னொரு பரீட்சை ஆக்க வேண்டுமா?

அப்புறம், பெர்கஷனில் நாங்கள் எட்டுப் பேர். அண்ணன் கேட்கும் பீஸில் எங்களுக்குப் பெரும்பாலும் ஓய்வுதான். முப்பது பார் (தாளக் கட்டம்) எண்ணு, சிம்பலை ஒரு தட்டுத் தட்டு, மறுபடி எண்ணு. இதற்காகவா சனிக்கிழமை காலையில் எழுந்து வருவது?

கொம்பு (ஃபிரெஞ்ச் ஹார்ன், வேறு பள்ளி)

எண்ணுவதற்காவது உங்களுக்கு ஓய்வு கிடைக்கிறது. மார்ச் ஆனாலும் மெட்லி ஆனாலும் எங்களுக்கு ‘உம்-சா உம்-சா’வில் ‘சா’ மட்டும்தான்.

தாழ்ஸ்தாயி

தம்பி, பரீட்சை என்கிறாயே, அதில் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை ஸ்கோரை (எல்லா வாத்தியத்தின் சுரமும் ஒன்றாக எழுதிய தாள்) பார்த்துவிட்டுச் சொல். முதல் பகுதி, சகோன், அதாவது ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்து வளர்ப்பது. எட்டே பார் உள்ள ஒரு மெட்டு, மூன்று தாளத்தில். அதை ஆரம்பிப்பது டிரம்பெட் அல்ல, டியூபாவும் யூபோனியமும் மட்டும். சத்தமாகவும் இல்லை, மெல்ல. சுருதி ஒரு மயிரிழை விலகினாலும் மறைக்க மேலே யாரும் இல்லை. அந்த எட்டு பார்தான் பகுதி முடியும்வரை ஒவ்வொரு குழுவாகக் கைமாறிப் போகிறது, நடுவில் தலைகீழாகவும் வருகிறது. இ-ஃளாட், எஃப், சி என்ற அந்த முதல் மூன்று சுரத்திலிருந்துதான் மூன்று பகுதிகளும் கிளம்புகின்றன. கடைசி மார்ச்சில் அதையே கவிழ்த்துப் போட்டிருக்கிறார். எல்லாம் ஒரே மெட்டிலிருந்து பிறந்தவை, அதனால் நடுவில் நிறுத்தாமல் வாசியுங்கள் என்று ஹோல்ஸ்டே கேட்டிருக்கிறார். அவர் டிராம்போன் வாசித்துப் பிழைத்தவர். கீழ்ஸ்தாயிக்காரனும் மனிதன்தான் என்று தெரிந்து எழுதியிருக்கிறார்.

இன்னொன்று, இதைப் பத்து நிமிடத்துக்குச் சற்று மேலே முடித்துவிடலாம். மெட்லியிலும் பத்து நிமிடம் போகும், ஆனால் ஒவ்வொரு பாட்டும் சூடு பிடிக்கிற நேரத்தில் ஒரு டிரம் ரோல் போட்டு அடுத்ததுக்கு ஓடிவிடுவார்கள். கல்யாண வீட்டில் இலை நிறையப் பரிமாறச் சொல்லி ஒவ்வொன்றிலும் ஒரு விரல் தொட்டுவிட்டு எழுந்துவிடுவதற்கு அது சமம்.

டிரம்செட்_தம்பி

அந்த டிரம் ரோலை வாசிப்பது நான்தான், அண்ணா. 😀

சீரியஸாகச் சொல்கிறேன். பேண்டில் ஜப்பானை மிஞ்ச ஆளில்லை என்று எல்லோரும் சொல்கிறீர்கள். அவர்களின் தேசியப் போட்டியில் விதிக்கப்பட்ட பீஸும் சொந்தத் தேர்வும் சேர்த்து 12 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், வினாடி தாண்டினால் போச்சு. அவ்வளவு கறாரான ஊரிலேயே, பாப் பாட்டுகளை பேண்டுக்கென்று எழுதி வெளியிடும் ‘நியூ சவுண்ட்ஸ் இன் பிராஸ்’ வரிசை 1972-லிருந்து ஓடுகிறது. போட்டியில் கல்லு மாதிரி உட்கார்ந்து வாசிக்கும் அதே பிள்ளைகள் தங்கள் கச்சேரியில் எழுந்து ஆடிக்கொண்டே வாசிக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டும் வேறு வேறு வேலை. நமக்கு மட்டும் ஏன் எல்லா மேடையும் நடுவர் மேடை?

ராணுவ பேண்டுக்கு எழுதிய வெள்ளைக்கார இசையைக் கேட்கவா என் பாட்டி தெம்பனிஸிலிருந்து எம்ஆர்டி பிடித்து வருவார்?

தாழ்ஸ்தாயி

ஹோல்ஸ்ட் சமஸ்கிருதம் கற்று, ரிக் வேதப் பாடல்களைத் தானே மொழிபெயர்த்து இசை அமைத்தவர். சாவித்திரி கதையை ஓப்பராவாகப் போட்டவர். ‘வெள்ளைக்கார இசை’ என்று ஒரே வார்த்தையில் தள்ளாதே.

டிரம்செட்_தம்பி

அதனால் இந்த பீஸ் நம்ம ஊர் ஆகிவிடுமா? இதில் வேதமும் இல்லை, சாவித்திரியும் இல்லை. மார்ச் இருக்கிறது.

பழைய_டிராம்போன்

தேசிய சேவை முடித்துப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பழைய ஆள் நான். இளையர் விழாவில் தங்கம், வெள்ளி, வெண்கலம் எல்லாம் போய் 2013-ல் சான்றிதழ் முறை வந்ததை என் அக்கா காலத்திலிருந்து கேட்டு வருகிறேன். பெயர்தான் மாறியது, பள்ளிகளின் பதற்றம் அப்படியே இருக்கிறது. தம்பி சொன்ன ‘இரண்டே பீஸ்’ புகார் நியாயம்.

ஆனால் மெட்லி கேட்பவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. அனிமேக்கும் ஹாலிவுட்டுக்கும் பதிப்பகங்கள் அனுமதி வாங்கி அச்சடித்த பேண்ட் ஸ்கோர் விலைக்குக் கிடைக்கும். அந்தத் தமிழ்ப் பாட்டுக்கு? யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். டிக்கெட் விற்கும் கச்சேரியில் வாசிப்பதற்கான உரிமம் வேறு, அதை இசைக் காப்புரிமைச் சங்கமான ‘காம்பஸ்’ வழியாக வாங்கலாம். இன்னொருவர் பாட்டை பேண்டுக்கு மாற்றி எழுதும் அனுமதி வேறு, அதைப் பாட்டின் உரிமை வைத்திருப்பவர் தர வேண்டும். சென்னைக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டுக் காத்திருந்து, பதில் வருவதற்குள் கச்சேரியே முடிந்துபோன பேண்டை நான் பார்த்திருக்கிறேன். ஹோல்ஸ்ட் இறந்தது 1934-ல். இங்கே காப்புரிமை ஆசிரியர் இறந்து 70 வருடம் வரை, ஆக அவர் பீஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. புதிய பதிப்பாக வாங்கினால் அதை நகல் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஹோல்ஸ்ட் வேண்டாம், ஆனால் கனமாக வேண்டும் என்றால் அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்ஃபிரட் ரீடின் ‘ஆர்மீனியன் டான்ஸஸ்’ முதல் பாகம் இருக்கிறது. ஆர்மீனியப் பாதிரியார் கோமிதாஸ் திரட்டிய நாட்டுப்பாடல்களின் மேல் 1972-ல் எழுதியது. நடுவில் ஐந்து-எட்டுத் தாளத்தில் ஒரு பாட்டு வரும். எங்கள் கிளாரினெட்காரர்கள் அதை எண்ணத் தெரியாமல் திணறியபோது, மிருதங்கம் படித்த ஒரு பையன் ‘தக தகிட’ என்று சொல்லிக் காட்டினான். அதுதான் கண்டசாபு, நம் இசையின் ஐந்தெண்ணிக்கைத் தாளம். அன்று மாலையே பிடிபட்டுவிட்டது. ஆனால் கடைசிப் பாட்டின் வேகத்துக்கு உயர்நிலை 1 கிளாரினெட்டுகள் தாங்காது. உங்கள் பேண்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாம்_கிளாரினெட் (தொடக்கக் கல்லூரி)

எல்லோரும் ஸ்கோரைப் பற்றிப் பேசுகிறீர்கள். யாராவது மூன்றாம் கிளாரினெட் பார்ட்டைப் பார்த்தீர்களா?

சினிமா மெட்லி பார்ட் என் ஸ்டாண்டில் இருக்கும்போது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மெட்டு டிரம்பெட்டுக்கும் ஆல்டோ சாக்ஸபோனுக்கும். எனக்கு நான்கு பார் முழுச் சுரம், அப்புறம் வயலின் செய்ய வேண்டிய ‘டுகுடுகு’வைத் தொண்டைச் சுரங்களில் (கிளாரினெட்டின் நடுவில் வரும் மங்கலான சுரங்கள்) ஒரு பக்கம் முழுக்க. எழுதியவருக்கு மூன்றாம் கிளாரினெட் என்பது ஓட்டையை அடைக்கிற மாவு. ஹோல்ஸ்டில் அப்படி இல்லை. மார்ச்சின் ஆரம்பம் பித்தளைக்காரர்களுக்கு, சரி. ஆனால் அடுத்து வரும் நீளமான மெட்டு கிளாரினெட்டின் கீழ்ஸ்தாயியில் வருகிறது, மூன்றாம் வரிசைக்காரி பயமில்லாமல் ஊதுகிற இடத்தில். இந்த ஒரு காரணத்துக்காகவே தாழ்ஸ்தாயி பக்கம் சாய்கிறேன்.

ஆனால் பாட்டிக்கு என்ன இருக்கிறது என்று தம்பி கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் வழக்கமான பதில் தெரியும்: மலாய் ஒன்று, சீனம் ஒன்று, தமிழுக்கு ‘முன்னேறு வாலிபா’. நல்ல பாட்டுதான். அதற்காக நாமெல்லாம் பேண்டில் வாசிக்கும் வரை அது ஒன்றுதானா? இல்லையென்றால், இந்தியா என்று தலைப்புப் போட்டு, கீழே ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே பாம்பாட்டி மெட்டு. கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) கேட்டால் ‘கிளிசாண்டோ’ (வழுக்கிப் போவது) என்று எழுதிக் கொடுப்பார்கள். ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டில் கமகம் வாசித்தார், கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனை அதற்காக வருடக்கணக்கில் வசப்படுத்தினார், உண்மை. ஆனால் அவர்கள் தனி ஆள். பத்து கிளாரினெட் சேர்ந்து ஒரு சுரத்தை அசைத்தால் பத்துத் திசையில் அசையும்.

அதனால் என் யோசனை: நோட்டு ஸ்வரம். முத்துசாமி தீட்சிதர் அந்தக் காலத்துக் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) பேண்டுகள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். எல்லாம் சங்கராபரணத்தில், கமகமே இல்லாமல். பாட்டு வகுப்பில் சின்னப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். பேண்டிலிருந்து போன மெட்டு பேண்டுக்கே திரும்பி வருகிறது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அப்புறம் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் போட்டு மதுரை மணி ஐயர் பாடிப் பரப்பிய ‘இங்கிலீஷ் நோட்’. பாகவதர் இறந்தது 1945, அதற்கும் தடையில்லை. நான்கு நோட்டு, கடைசியில் இங்கிலீஷ் நோட்டு, ஐந்து நிமிடம். பாட்டிக்கு நிச்சயம் தெரியும்.

தாழ்ஸ்தாயி

மன்னிக்கணும் அக்கா, ‘சியாமளே மீனாட்சி’யின் மெட்டு ‘டுவிங்கிள் டுவிங்கிள்’. ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் தேசிய கீதம். 1959 வரை இந்த ஊரில் எழுந்து நின்று கேட்ட மெட்டு அது. சாகித்யத்தை எடுத்துவிட்டு மெட்டை மட்டும் பேண்டில் வாசித்தால் மிச்சம் என்ன? குழந்தைப் பாட்டும் காலனி கீதமும். அதில் தீட்சிதர் எங்கே இருக்கிறார்?

டிரம்செட்_தம்பி

முதல்முறையாக அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். 😂 ‘டுவிங்கிள்’ வாசிக்கிறோம், டிக்கெட் வாங்குங்கள் என்று எந்த முகத்தோடு போஸ்டர் ஒட்டுவது?

மூன்றாம்_கிளாரினெட்

சாகித்யத்தை ஏன் எடுக்க வேண்டும்? ஹோல்ஸ்டின் இரண்டாவது சூட்டும் வாய்ப்பாட்டாக இருந்த நாட்டுப்பாடல்கள்தானே. பள்ளியில் பாடத் தெரிந்த இரண்டு பேரை முன்னால் நிறுத்துவேன். முதல் தடவை அவர்கள் பாட, இரண்டாம் தடவை பேண்ட் எடுக்கும். ஒரே மெட்டு இரண்டு வீட்டில் வளர்ந்ததைச் சபை நேராகக் கேட்கும்.

மெட்டு எளிது என்பது குறையா? உங்கள் சகோனும் எட்டு பார்தான். அந்த எட்டை வைத்து என்ன செய்கிறோம் என்பதில்தானே எல்லாம் இருக்கிறது, நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள்.

தாழ்ஸ்தாயி

செய்வது ஹோல்ஸ்ட் என்றால் சரி. இங்கே செய்யப்போவது யார்?

மூன்றாம்_கிளாரினெட்

நான். பாதி எழுதிவிட்டேன், எங்கள் கல்லூரி பேண்டுக்காக.

பழைய_டிராம்போன்

முதல் தடவை எழுதுகிறவர்கள் எல்லோரும் கன்சர்ட் பி-ஃளாட்டில் (காதில் கேட்கும் சுருதி பி-ஃளாட்) எழுதுவார்கள். டிரம்பெட்டுக்குச் சுகம். ஆனால் கிளாரினெட்டின் தாளில் அது சி ஆகிவிடும், மெட்டு ஏறும்போதெல்லாம் தொண்டை ஏ-யிலிருந்து பி-க்குத் தாண்ட வேண்டும். ஒரு விரல் போதும் என்று இருந்த இடத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு எல்லா விரலும் ஒரே நேரத்தில் துளையை மூட வேண்டும். உயர்நிலை 1 பிள்ளைகள் அங்கே கீச்சிடுவார்கள். எந்தச் சுருதியில் போட்டிருக்கிறாய்?

மூன்றாம்_கிளாரினெட்

கன்சர்ட் இ-ஃளாட். எங்களுக்கு எஃப். கீழ் எஃப்பிலிருந்து தொண்டை பி-ஃளாட் வரை தாண்டாமல் பதினொரு சுரம் கிடைக்கிறது. நோட்டு ஸ்வரத்துக்கு அது தாராளம். நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன் அண்ணா, இது எனக்குத் தெரியாதா?

பழைய_டிராம்போன்

சரி, சரி. இ-ஃளாட்டில் இருந்தால் ஹோல்ஸ்டின் சகோனுக்கு முன்னாலேயே வைக்கலாம், அதுவும் அதே சுருதிதான்.

ரீடு_வாங்கும்_அம்மா

என் மகள் ஆல்டோ சாக்ஸபோன். நடுவில் நுழைகிறேன். பெற்றோருக்குப் பிடித்த பாட்டு வேண்டும் என்று பிள்ளைகள் எங்கள் பேரைச் சொல்லிச் சண்டை போடுகிறீர்கள். வீவக அடுக்குமாடி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் தினம் பழகுவதைச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிறவள் நான். மெட்லியில் அவள் பங்கு எனக்கு ஒரே நாளில் மனப்பாடம், அதற்கு மேல் அவளுக்கும் அதில் வேலை இல்லை, பயிற்சியையே விட்டுவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் மகிழ்ச்சி.

டிரம்செட்_தம்பி

ஆன்ட்டி சொன்னதற்கு நான் பதில் சொல்ல முடியாது. ஆனால் என் ஓட்டு மாறவில்லை. ஹோல்ஸ்டும் நோட்டும் சேர்ந்தால் பதினைந்து நிமிடம் ஆகிவிடும். நமக்குக் கொடுத்தது பத்து. எதை வெட்டுவீர்கள்? நடுவில் நிறுத்தாமல் வாசி என்று ஆசிரியரே கேட்ட சூட்டில் சகோனை மட்டும் பிய்த்து எடுப்பீர்களா, அண்ணா?

தாழ்ஸ்தாயி

பிய்க்க மாட்டேன். வெள்ளிக்கிழமை நான் முழு சூட்டைத்தான் கேட்கப் போகிறேன், நீ மெட்லியைக் கேள், ஓட்டு விழட்டும். அக்கா, உங்கள் ஸ்கோரையும் அனுப்புங்கள். முதல் பாதியில் கண்டக்டர் இன்னும் நிரப்பாத இடம் ஒன்று இருக்கிறது, அங்கே கேட்டுப் பார்க்கிறேன். எனக்கு அது பிடிக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை.

டிரம்செட்_தம்பி

ஸ்கோரில் பெர்கஷனுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள், அக்கா?

மூன்றாம்_கிளாரினெட்

கும்பினி பேண்ட் மாதிரி சைடு டிரம், பேஸ் டிரம். இங்கிலீஷ் நோட்டில் ஒரு கஞ்சிராவும் உண்டு. வாசிக்க ஆள் இருக்கிறதா?

டிரம்செட்_தம்பி

இருக்கிறது. ஓட்டு மெட்லிக்குத்தான்.

கொம்பு

ஹார்னுக்கு?

மூன்றாம்_கிளாரினெட்

இரண்டாவது நோட்டில் எட்டு பார் மெட்டு. மற்றதெல்லாம் ‘சா’.